பூமலை சொன்ன தோட்டக்கலை: ரப்பர் விதையிலிருந்து தமிழ்ப்பள்ளி வரை



"மலாயாவுக்கு ரப்பரைக் கொண்டு வந்தவர் ரிட்லி." இந்த வாக்கியம் மாணவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877ஆம் ஆண்டு. ஹென்றி நிக்கலஸ் ரிட்லி சிங்கப்பூரில் கால் வைத்தது 1888ஆம் ஆண்டு. இடையில் 11 வருஷம். தான் வருவதற்கு 11 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்ட செடியை ஒருவர் எப்படிக் கொண்டு வந்திருக்க முடியும்?

சரி, ரிட்லி செய்ததுதான் என்ன? அவர் தோட்டக்கலை ஆலோசனை சொன்னார். விதையை எப்படிக் காப்பது, மரத்தை எப்படி வெட்டுவது, எந்த நேரத்தில் வெட்டுவது என்று சொன்னார். கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்த ஆலோசனைதான் இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தை மாற்றியது. நம் முன்னோர் பல்லாயிரம் பேர் கப்பல் ஏறியதற்கும், தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் எழுந்ததற்கும் அதோடு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைப் படிப்படியாகப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1. பூமலை எதற்காக உண்டானது?

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைத் தமிழர்கள் 'பூமலை' என்றுதான் சொல்வார்கள். அழகான பெயர். இன்று அங்கே மெதுவோட்டம் ஓடுகிறோம், புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடுகிறோம், ஆர்க்கிட் பூக்களைப் படம் எடுக்கிறோம். அதனால் தாவரவியல் தோட்டம் என்றாலே பொழுதுபோக்கு இடம் என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

காலனித்துவக் காலத்தில் அதன் வேலை வேறு. ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1822இல் அரசாங்கக் குன்றில், அதாவது இன்றைய ஃபோர்ட் கேனிங்கில், ஒரு தோட்டம் போட்டார். சாதிக்காய், கிராம்பு போன்ற பணப்பயிர்கள் இங்கே வளருமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் நோக்கம். செலவுக்குப் பணம் இல்லாமல் அது 1829இல் மூடப்பட்டது.

இப்போது நாம் பார்க்கும் தோட்டம் 1859இல் தங்ளினில் தொடங்கியது. தொடங்கியது அரசாங்கம் இல்லை. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று. நிலம் வாம்போ என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கேயிடமிருந்து கிடைத்தது. லாரன்ஸ் நிவென் என்பவர் பாதைகளையும் புல்வெளிகளையும் வடிவமைத்தார். அன்னப்பறவை ஏரி 1866இல் உருவானது. பிறகு சங்கம் கடனில் மாட்டியதால் 1874இல் தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. மறு வருஷமே லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஹென்றி ஜேம்ஸ் மர்ட்டன் பொறுப்பேற்றார். 1879இல் வடக்குப் பக்கம் புதிய நிலம் சேர்த்து, பயன்தரும் பயிர்களுக்கென்றே 'பொருளாதாரத் தோட்டம்' ஒன்று அமைத்தார்கள்.

இந்தப் பெயரைக் கவனியுங்கள். இங்கே வந்த ஒவ்வொரு செடியிடமும், "உன்னால் வருமானம் வருமா?" என்ற கேள்விதான் கேட்கப்பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. சிங்கப்பூரின் சாதிக்காய்த் தோட்டங்கள் 1850களின் பிற்பகுதியில் நோய் தாக்கி அழிந்தன. (ஆர்ச்சர்ட் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த சாதிக்காய், பழத் தோட்டங்களால்தான்.) இலங்கையில் 1869 முதல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்தது. ஒரே பயிரை நம்பி ஊரே வாழ்ந்தால், அந்தப் பயிர் சாகும்போது ஊரும் சாயும். அதனால் அடுத்த பயிர் எது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடல் நடந்த இடம்தான் பூமலை.

2. விதை கடல் தாண்டிய கதை

ரப்பர் மரத்தின் தாய்நாடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கிருந்து 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளைக் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். 70,000 விதையில் முளைத்தது எத்தனை தெரியுமா? 3,000கூட இல்லை.

ஏன் அப்படி? நெல், பயறு மாதிரி விதைகளைக் காய வைத்து மாதக்கணக்கில் பத்திரப்படுத்தலாம். ரப்பர் விதை அப்படி இல்லை. அதில் எண்ணெயும் ஈரமும் அதிகம். காய்ந்தால் செத்துவிடும், மூடி வைத்தால் அழுகிவிடும். சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். அந்தக் காலத்துக் கப்பல் பயணமோ வாரக்கணக்கில் நீளும். அதனால் கியூவில் முளைக்க வைத்த நாற்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெட்டி மூடியே இருக்கும். மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணிலேயே சொட்டும். கடல் காற்றின் உப்பும் உள்ளே போகாது. அறிவியல் பாடத்தில் நீர்ச் சுழற்சி படித்திருப்பீர்கள். அதே நீர்ச் சுழற்சிதான் ஒரு பெட்டிக்குள் நடந்தது.

1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் இலங்கைக்குப் போயின. சிங்கப்பூருக்கு 1877இல் வந்து சேர்ந்தவை 22. பதினொன்றைப் பூமலையில் நட்டார்கள். மற்றவற்றில் பலவற்றை மர்ட்டன் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டு போனார். ஒரு வகுப்பறையில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையைவிடக் குறைவான செடிகள். மலாயா ரப்பரின் தொடக்கம் அவ்வளவுதான்.

ஒரு கேள்வி எழலாம். பிரேசிலிலேயே இந்த மரம் இருக்கும்போது, அங்கேயே தோட்டம் போட்டிருக்கலாமே? போட்டுப் பார்த்தார்கள். அங்கே ரப்பர் இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சை உண்டு. காட்டில் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்பதால் நோய் வேகமாகப் பரவாது. வரிசையாக நெருக்கி நட்டால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் பெரிய தோட்டம் தொடங்கித் தோற்றுப் போனதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். கடல் தாண்டி வந்த விதையோடு அந்தப் பூஞ்சை வரவில்லை. இது மலாயாவுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம்.

3. ரிட்லி கொடுத்த ஆலோசனை

1888 நவம்பரில் ரிட்லி பொறுப்பேற்றபோது, பொருளாதாரத் தோட்டத்தின் ரப்பர் மரங்களைச் சுற்றிப் புதர் மண்டியிருந்தது. மரம் வளர்ந்திருந்தது; ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவர் புதரை வெட்டிச் சோதனைகளைத் தொடங்கினார். அந்தச் சோதனைகளிலிருந்து கிடைத்த பாடங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் பாடம், விதை பற்றியது. விதை புதிதாக இருக்கும்போதே விதைக்க வேண்டும். தூரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் லேசாக ஈரமான கரித்தூளில் பொதிந்து அனுப்பலாம். கரி ஈரத்தைக் காக்கும், பூஞ்சையையும் கட்டுப்படுத்தும்.

இரண்டாம் பாடம், வெட்டு பற்றியது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அமேசானில் சின்னக் கோடாரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடாரி பட்டையைத் தாண்டிக் கட்டை வரைக்கும் இறங்கும். பால் வரும், ஆனால் மரத்தின் உடம்பெல்லாம் புண்ணாகி, முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிய மரத்தின் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். வெளியே சொரசொரப்பான பட்டை. அதன் உள்ளே பால் குழாய்கள் ஓடும் மெல்லிய உள்பட்டை. அதற்கும் உள்ளே, புதுப் பட்டையையும் புதுக் கட்டையையும் உருவாக்கும் வளர்திசு. பால் குழாய்கள் வளர்திசுவை ஒட்டியே அதிகம் இருக்கின்றன. ஆகவே கத்தி வளர்திசுவுக்கு மிக அருகே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் போக வேண்டும். ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் புண். தொடாவிட்டால் பட்டை மறுபடி வளரும். சில வருஷம் கழித்து அதே இடத்தில் திரும்ப வெட்டலாம்.

ரிட்லி 1890களில் உருவாக்கிய முறை இதை அடிப்படையாகக் கொண்டது. மரத்தின் நடுவே நேராக ஒரு வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வான கீறல்கள். பார்ப்பதற்கு மீன் முள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொத்தாமல், பழைய கீறலின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும். பால் மறுபடி ஓடும். இன்னொரு வியப்பு: முதல் நாளைவிட அடுத்தடுத்த நாள்களில் பால் அதிகமாக வந்தது. மரம் சாகவும் இல்லை.

மூன்றாம் பாடம், நேரம் பற்றியது. இரவில் மரம் வேர் வழியாக நீரை நிரப்பிக்கொள்கிறது. இலைகளிலிருந்து நீர் ஆவியாவது குறைவு. அதனால் விடியற்காலையில் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், ஓட்டமும் குறையும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும்.

இந்த மூன்றாம் பாடத்தை நினைவில் வையுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இருட்டிலேயே எழுந்து, பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, உளியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வெட்டுக்குப் போன கதையைச் சொல்வார்கள். அவர்கள் எழுந்த நேரத்தை அதிகாரி மட்டும் முடிவு செய்யவில்லை. மரத்தின் உடலியலும் சேர்ந்து முடிவு செய்தது. வானம் கறுத்தால் அவர்கள் முகமும் ஏன் கறுத்தது என்பதற்கும் இதே பாடத்தில் பதில் இருக்கிறது. மழை வந்தால் வெட்டு இல்லை.

4. முதலில் கேட்க ஆளில்லை, பிறகு கூட்டம்

ரிட்லி தாம் கண்டதைப் பூமலையின் வேளாண் சஞ்சிகையில் எழுதினார். தோட்ட முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடச் சொன்னார். சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு திரிவார் என்பார்கள். அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'.

முதலாளிகள் முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. காப்பிச் செடி மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கும். ரப்பர் மரத்தை வெட்ட ஐந்து முதல் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை கூலி, வட்டி எல்லாம் கைக்காசு. காப்பி விலை நன்றாக இருக்கும்போது எவர் காத்திருப்பார்?

பிறகு நிலைமை மாறியது. பிரேசிலில் காப்பி விளைச்சல் பெருகி 1890களில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. மலாயாவின் காப்பித் தோட்டங்களைப் பூச்சிகளும் தாக்கின. அதே காலத்தில் ரப்பருக்குத் தேவை கூடிக்கொண்டே போனது. ஜான் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய ஆண்டும் 1888தான். ரிட்லி சிங்கப்பூருக்கு வந்த அதே ஆண்டு. முதலில் சைக்கிள், அப்புறம் கார். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908இல் வெளிவந்தது.

ஆலோசனையை முதலில் பெரிய அளவில் ஏற்றவர்களில் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். டான் டோக் செங் மருத்துவமனையின் பெயர் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அந்த டான் டோக் செங்கின் பேரன் இவர். ரிட்லியின் பேச்சைக் கேட்டு 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் இன்னும் பெரிய தோட்டம் போட்டார். அவர் லாபம் பார்த்ததும் மற்றவர்கள் வரிசை பிடித்தார்கள். 1917ஆம் ஆண்டுக்குள் பூமலை கொடுத்த விதைகள் 7 மில்லியனுக்கும் மேல். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது.

இருபத்திரண்டு செடி எங்கே, உலகத்தில் பாதி எங்கே! இடைப்பட்ட காலம் 43 வருஷம்தான்.

5. மரத்துக்கு விதி இருந்தது, மனிதருக்கு?

இங்கேதான் பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. ரிட்லி வந்தார், முறை கண்டுபிடித்தார், மலாயா செழித்தது, முற்றும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தில் பட்டையைச் சீவ வேண்டும் என்று சொன்னோமே, தினமும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியது யார்?

ரிட்லியின் முறைக்குக் கை வேண்டும். இயந்திரத்தால் செய்ய முடியாத வேலை அது. தோட்டம் பெருகப் பெருகக் கைகளும் வேண்டியிருந்தன. அந்தக் கைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. முன்பு ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. 1910இல் அது ஒழிக்கப்பட்டது. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேரூன்றியிருந்த கங்காணி முறை மலாயாவிலும் பரவியது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டி அழைத்து வருவார். கப்பல் செலவுக்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு தொடர்ந்தது.

காடழித்துப் போட்ட புதுத் தோட்டங்களில் மலேரியா காத்துக்கொண்டிருந்தது. மரங்களை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டால், வெயில்படும் தெளிந்த நீரில் பெருகும் கொசு வகைக்கு அது வசதியாகிவிடும். எத்தனையோ பேர் வந்த சில வருஷங்களிலேயே காய்ச்சலில் இறந்தார்கள். கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உடனே வந்துவிடவில்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம், எவ்வளவு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்பதற்கு 1890களிலேயே விதி எழுதப்பட்டுவிட்டது. வெட்டும் மனிதருக்கான விதிகள் மெதுவாகத்தான் வந்தன. மரத்தைக் காப்பாற்றிய அறிவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதே கவனம் மனிதருக்கு ஏன் தாமதமாகக் கிடைத்தது என்று கேட்பதுதான் வரலாறு படிப்பவரின் வேலை.

அப்படி வந்த விதிகளில் ஒன்று நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான். ஆசிரியரும் சில இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தவர்தான். குறை நிறைய உண்டு. ஆனாலும் மலேசியாவின் இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு மூலம் இதுதான். தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

சிங்கப்பூர் மாணவர்கள், "இது மலேசியக் கதை, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். மண்டாய், செம்பவாங், ஈசூன் வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஈசூன் என்ற பெயரே ரப்பர், அன்னாசி விவசாயத்தில் பெயர் பெற்ற லிம் நீ சூனின் பெயரிலிருந்து வந்ததுதான். இன்று வீவக அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

6. ரப்பருக்குப் பிறகும் ஆலோசனை தொடர்ந்தது

ரிட்லி 1912இல் ஓய்வு பெற்றார். 1956இல், நூறு வயதைத் தாண்டிய பின் இங்கிலாந்தில் காலமானார். பூமலையின் வேலை அதோடு முடியவில்லை.

1925 முதல் 1949 வரை இயக்குநராக இருந்தவர் ரிச்சர்டு எரிக் ஹால்ட்டம். இவர் 1928இல் ஆர்க்கிட் இனக்கலப்புத் திட்டத்தைத் தொடங்கினார். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சையின் உதவி இல்லாமல் அது முளைக்காது. அந்தப் பூஞ்சைக்குப் பதிலாகக் கண்ணாடிக் குடுவையில் சத்துக்கூழ் வைத்து, கிருமி படாமல் விதையை முளைக்க வைத்தார்கள். இன்று பூக்கடைகளில் நாம் பார்க்கும் ஆர்க்கிட் தொழிலுக்கு இந்த வட்டாரத்தில் அடித்தளம் போட்டது அந்தக் குடுவைகள்தான். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இதற்கும் முந்தியது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி காட்டிய அந்தக் கலப்பினத்தை ரிட்லி 1893இல் உலகுக்கு விவரித்தார். 1981இல் அது தேசிய மலரானது.

ஹால்ட்டம் மலாயாவின் தாழ்நிலத் தோட்டக்கலை பற்றி எழுதிய புத்தகம் 1953இல் வெளிவந்தது. அதன் தேவை என்னவென்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துத் தோட்டப் புத்தகம் வசந்தத்தில் விதை, இலையுதிர்காலத்தில் வெட்டு என்று சொல்லும். இங்கே ஏது வசந்தம்? இங்கே மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வெயில் இளநாற்றைச் சுட்டுவிடும். ஆகவே மண்ணை இலைதழையால் மூடுவது, நாற்றுக்கு நிழல் கொடுப்பது, தழை உரம் சேர்ப்பது என்று இந்த மண்ணுக்கு ஏற்ற அறிவு வேண்டும். இப்போது ஆலோசனை முதலாளிக்கு மட்டும் இல்லாமல், வீட்டு வாசலில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கும் போய்ச் சேர்ந்தது.

1963 ஜூன் 16இல் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாலையோரம் எந்த மரம் நிற்கும், எது விரைவாக நிழல் தரும் என்பதற்கெல்லாம் பூமலையின் அனுபவம் கைகொடுத்தது. 2015 ஜூலை 4இல் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. ரப்பர் ஆய்வில் பூமலைக்கு இருந்த பங்கும் அந்தத் தகுதிக்கு ஒரு காரணம். அப்படியென்றால் உளி பிடித்த கைகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்று நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

7. வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரை எழுதும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, வந்தது வேறு, பரவியது வேறு. ரப்பர் வந்தது 1877. தோட்டப் பயிராகப் பரவத் தொடங்கியது 1890களின் பிற்பகுதி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிவிடக் கூடாது.

இரண்டு, ஒரே ஆளைக் காரணமாகக் காட்டாதீர்கள். ரிட்லியின் முறை, காப்பி விலை வீழ்ச்சி, டயருக்கான தேவை, டான் சே யான் போன்றோரின் துணிச்சல், தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு, இங்கே வராத இலைநோய் என ஆறு காரணம் சொல்லலாம். இவற்றில் எது இல்லாவிட்டால் கதையே மாறியிருக்கும் என்று வாதிட்டு எழுதினால் கட்டுரை உயரும்.

மூன்று, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். ஆவணத்தில் இயக்குநர் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும். நாற்று நட்டவர், பால் வெட்டியவர் பெயர் பெரும்பாலும் எண்ணிக்கைக்குள் மறைந்துவிடும். அதைச் சுட்டிக்காட்டுவதும் வரலாற்று அறிவுதான்.

ஒரு மாதிரிப் பத்தி:

"ரிட்லி மலாயாவுக்கு ரப்பரைக் கொண்டு வரவில்லை; 1877இலேயே வந்திருந்த மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். காப்பி விலை வீழ்ச்சியும் வாகனத் தொழிலின் வளர்ச்சியும் முதலாளிகளை அம்முறையின் பக்கம் திருப்பின. எனினும், அம்முறையை நாள்தோறும் நிறைவேற்றிய தமிழ்த் தொழிலாளர்கள் இல்லாமல் மலாயா உலக ரப்பரில் பாதியை வழங்கியிருக்க முடியாது."

மூன்றே வாக்கியம். முதலாவது தவறான கருத்தைத் திருத்துகிறது, இரண்டாவது சூழலைச் சொல்கிறது, மூன்றாவது வாதத்தை வைக்கிறது. இந்த அமைப்பை எந்தத் தலைப்புக்கும் பயன்படுத்தலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரட்டு, லயம், மங்கு, வெட்டு, ஒட்டுப்பால் போன்ற சொற்கள் நம் அகராதிகளைவிடப் பெரியவர்களின் வாயில்தான் அதிகம் வாழ்கின்றன. ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி நண்பன் கையில் வைத்து விளையாடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எப்போதும் இருக்கமாட்டார்கள். மாணவர்களைக் கொண்டு ஆளுக்கு ஒரு பெரியவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதச் சொன்னால், ஒரே தவணையில் ஒரு வகுப்பு அருமையான சொற்றொகுதி ஒன்றை உருவாக்கிவிடும். வாய்மொழிப் பயிற்சிக்கும் அது உதவும்.

கலந்துரையாடச் சில வினாக்கள்:

அ. விடியற்காலையில் பால் வெட்டுவதற்கான அறிவியல் காரணம் என்ன? அது தொழிலாளர் குடும்பத்தின் அன்றாட வாழ்வை எப்படி மாற்றியிருக்கும்?

ஆ. காப்பி விலை விழாமல் இருந்திருந்தால் ரிட்லியின் ஆலோசனையை முதலாளிகள் கேட்டிருப்பார்களா? காரணங்களுடன் வாதிடுக.

இ. ஒரே பயிரை நம்பிய பொருளாதாரத்துக்குச் சாதிக்காயும் காப்பியும் கற்பித்த பாடம் யாது? அந்தப் பாடம் ரப்பருக்கும் பொருந்துமா?

ஈ. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இன்றைய தமிழ்ப்பள்ளிகளுக்கும் உள்ள தொடர்பை உங்கள் சொந்த நடையில் விளக்குக.

அடுத்த முறை பூமலைக்குப் போனால், ஆர்க்கிட் தோட்டத்தோடு திரும்பிவிடாமல் ரப்பர் மரங்கள் எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும்; கீழே புள்ளி போட்ட கொட்டைகள் கிடந்தாலும் கிடக்கும். மரத்தில் சாய்வான கீறல் தெரிந்தால், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இதைத் தோட்டத்தில் வெட்டிய நம் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் எந்தச் சஞ்சிகையிலும் எழுதவில்லை. நீங்கள் எழுதலாம்.